வீட்டுப் பட்டறைக்குப் பெரிய கம்ப்ரசர்: எதைப் பார்த்து வாங்குவது, எதைக் கேட்டு விற்பது?

நம் உறுப்பினர்களில் மில் ஸ்டோர்ஸ், ஹார்டுவேர், பெயிண்ட், மின்சாமான் வணிகம் செய்வோர் பலர் ஏர் கம்ப்ரசரும் விற்கிறார்கள். முன்பெல்லாம் இதை வாங்க வருபவர் பஞ்சர் கடைக்காரராகவோ, பெரிய ஒர்க்ஷாப் முதலாளியாகவோ இருப்பார். தமக்கு என்ன தேவை என்பதை அவரே அறிந்திருப்பார். இன்று வீட்டின் பின்கட்டில் ஷெட் போட்டு கார் பெயிண்டிங் செய்பவர், மரச்சாமானுக்கு ஸ்பிரே பாலிஷ் அடிப்பவர், கிரில் கேட்டுக்கு மணலடித்துத் துரு நீக்கிப் பெயிண்ட் அடிப்பவர், பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர் என்று பலவகைப்பட்டோர் கடைக்கு வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "அஞ்சு ஹெச்.பி. இருக்கா? டேங்க் பெரிசா இருக்கணும்."

நாமும் இருப்பதை எடுத்துக் காட்டுகிறோம். விலை பேசி முடிகிறது. இரண்டு மாதம் கழித்து அதே வாடிக்கையாளர் வந்து, "கன்னில் காற்று நிற்கவில்லை, மெஷின் ஓயாமல் ஓடுகிறது, மோட்டார் சுடுகிறது" என்கிறார். மெஷினில் குற்றம் இருக்காது. வேலைக்கும் மெஷினுக்கும் பொருத்தம் இல்லாததுதான் குற்றம். நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ தொழில் தொடங்கியவருக்கு இது பெரிய அடி. விற்ற கடைக்குக் கெட்ட பெயர். ஆகவே, கம்ப்ரசர் தேர்வில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை ஹெச்.பி. என்பதை அல்ல, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைத்தான். மற்றவை அனைத்தும் அதன் பின்னரே. இதைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

காற்றும் ஒரு சரக்கே

வணிகர்களாகிய நமக்கு இதைப் புரிந்துகொள்ள எளிய வழி உண்டு. காற்றைச் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். பம்ப் என்பது தினசரி வரத்து. டேங்க் என்பது குடோன். ஸ்பிரே கன், சாண்டர், கிரைண்டர் ஆகியவை விற்பனை. வரத்தைவிட விற்பனை அதிகமானால், குடோன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு நாள் காலியாகத்தான் செய்யும். பெரிய குடோன் அந்த நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். வரத்தைக் கூட்டாது.

இந்த வரத்தைத்தான் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று, சி.எஃப்.எம். என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். சில கம்பெனிகள் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று போடுவார்கள். அதை 28.3 ஆல் வகுத்தால் சி.எஃப்.எம். கிடைக்கும். அழுத்தத்தைப் பி.எஸ்.ஐ. என்றோ பார் என்றோ குறிப்பார்கள். ஒரு பார் 14.5 பி.எஸ்.ஐ. ஆகும். டயருக்குக் காற்றடிப்பவருக்கு அழுத்தம் முக்கியம். தொடர்ந்து ஓடும் கருவி வைத்திருப்பவருக்கு அழுத்தத்தைவிட அளவே முக்கியம்.

எந்த வேலைக்கு எவ்வளவு காற்று?

பொதுவாக நடைமுறையில் உள்ள அளவுகள் இவை. கருவிக்குக் கருவி மாறும் என்பதால், கருவியோடு வரும் தாளில் உள்ள அளவையே கடைசியாக நம்ப வேண்டும்.

சோபா தைப்பவரும் தச்சரும் பயன்படுத்தும் ஸ்டேப்ளர், ஆணி கன் ஆகியவை மிகக் குறைவாகவே காற்றுக் குடிப்பவை. இவற்றுக்குப் பெரிய கம்ப்ரசர் தேவையே இல்லை. டயருக்குக் காற்றடிக்க 2 முதல் 3 கன அடி போதும். சக்கர நட்டுக் கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்சுக்கு, விட்டு விட்டுப் பயன்படுத்தும்போது, சராசரியாக 4 முதல் 5 கன அடி. கார் பெயிண்டிங்கில் இன்று பரவலாகிவிட்ட, குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்று வீசும் ஹெச்.வி.எல்.பி. ரக ஸ்பிரே கன்னுக்கு, அதன் வகையைப் பொறுத்து 8 முதல் 15 கன அடி வரை. பட்டி தேய்க்கும் ஏர் சாண்டருக்கு 10 முதல் 12 கன அடி.

எல்லாவற்றையும் விட அதிகமாகக் குடிப்பது மணலடிக்கும் கருவி. 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் எட்டில் ஒரு அங்குல நாசில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 18 முதல் 19 கன அடி எடுத்துக்கொள்ளும். அதே நாசில் மூன்று பதினாறில் அங்குலமானால் 41 கன அடி. அதாவது ஓட்டையின் விட்டம் ஒன்றரை மடங்கு கூடினால், காற்றுச் செலவு இரண்டேகால் மடங்கு கூடுகிறது. மணலடித்து மணலடித்து நாசில் தேய்ந்து பெரிதாவதும் இதே கணக்குதான். "ஆறு மாதமாக நன்றாக ஓடியது, இப்போது காற்றுப் போதவில்லை" என்று வருபவரிடம் முதலில் நாசிலைக் கழற்றி எடுத்து வரச் சொல்லுங்கள். புது நாசிலோடு அவர் பிரச்சினை தீர்ந்துபோகலாம்.

வீட்டுப் பட்டறையில் பெரும்பாலும் ஒருவரே வேலை செய்வார். ஆகவே எல்லாக் கருவிகளையும் கூட்ட வேண்டியதில்லை. தொடர்ந்து ஓடும் கருவிகளில் அதிகம் குடிப்பது எதுவோ அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். வந்த தொகையோடு 30 சதவீதம் சேர்த்துக்கொள்வது நல்லது. கசிவு, தேய்மானம், மெஷின் ஓய்வு ஆகிய மூன்றுக்கும் அது ஈடுகட்டும்.

ஹெச்.பி. சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

ஹெச்.பி. என்பது மோட்டாரின் திறன். அது காற்றின் அளவு அன்று. நல்ல நிலையில் உள்ள பிஸ்டன் கம்ப்ரசரில், வேலைக்குரிய அழுத்தத்தில், ஒரு ஹெச்.பி.க்குச் சுமார் 3 முதல் 4 கன அடி காற்றுக் கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. 3 ஹெச்.பி. மெஷின் 9 அல்லது 10 கன அடி, 5 ஹெச்.பி. மெஷின் 15 அல்லது 16 கன அடி தரும். 3 ஹெச்.பி.யில் 20 கன அடி கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அது எந்த அளவு என்று விசாரிக்க வேண்டும்.

ஏனெனில் விளம்பரத் தாள்களில் இரண்டு வித அளவுகள் வருகின்றன. ஒன்று பிஸ்டன் இடப்பெயர்ச்சி. சிலிண்டரின் கொள்ளளவைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி வரும் காகிதக் கணக்கு இது. மற்றொன்று உண்மையில் வெளியே வந்து சேரும் காற்று. ஃப்ரீ ஏர் டெலிவரி, சுருக்கமாக எஃப்.ஏ.டி. என்பார்கள். முதலாவது எப்போதும் பெரிய எண். இரண்டாவதுதான் வாடிக்கையாளர் கைக்குக் கிடைப்பது. அரிசி மூட்டையில் சாக்கு எடையும் சேர்ந்த நிறைக்கும் நிகர எடைக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஆனால் இங்கே சாக்கின் எடை மிக அதிகம்.

இதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இரட்டை நிலைப் பம்பு ஒன்றில், வெளிக்காற்றை உறிஞ்சும் பெரிய சிலிண்டரின் விட்டம் 90 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 75 மில்லிமீட்டர், சுற்று நிமிடத்துக்கு 800 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 477 கன சென்டிமீட்டர் காற்று. 800 சுற்றுக்கு 382 லிட்டர், அதாவது 13.5 கன அடி. இது இடப்பெயர்ச்சி. வால்வின் இடைவெளியில் தங்குவது, வெப்பத்தில் விரிவது, ரிங் வழியே கசிவது எல்லாம் போக, ஏறக்குறைய 70 சதவீதம் தேறும் என்றால் கிடைப்பது ஒன்பதரை கன அடி. இரட்டை நிலைப் பம்பில் சிறிய சிலிண்டரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெரிய சிலிண்டர் ஏற்கெனவே இழுத்த காற்றைத்தான் அது மேலும் அழுத்துகிறது. இரண்டையும் கூட்டி எண்ணைப் பெரிதாகக் காட்டினால் ஏமாறக் கூடாது.

கொள்முதல் செய்யும்போது கம்பெனி ஏஜெண்டிடம் நாம் கேட்க வேண்டியது, "எந்த அழுத்தத்தில் எஃப்.ஏ.டி. எவ்வளவு? எந்தத் தரப்படி சோதித்தது?" என்பதாகும். இதற்கு இந்தியத் தரத்தில் ஐ.எஸ். 5456, உலகத் தரத்தில் ஐ.எஸ்.ஓ. 1217 என்று சோதனை முறைகள் உள்ளன. பதில் எழுத்தில் வந்தால் நல்லது.

டேங்க் எவ்வளவு பெரிது?

டேங்கில் உள்ள காற்றையும் கணக்கிடலாம். 220 லிட்டர் டேங்கை 12 பார் அழுத்தத்துக்கு நிரப்பி, 7 பார் வரை இறங்கவிட்டால், 220ஐ 5ஆல் பெருக்க 1,100 லிட்டர், அதாவது ஏறக்குறைய 39 கன அடி காற்று வெளியே வரும். 6 பாருக்கு மேல் தேவைப்படும் கருவி வேலை செய்யக் கையிருப்பு அவ்வளவுதான்.

இப்போது ஒன்பதரை கன அடி தரும் 3 ஹெச்.பி. மெஷினில் 12 கன அடி குடிக்கும் சாண்டரை மாட்டுவோம். அழுத்தம் 10 பாருக்கு இறங்கும்போது பம்ப் ஓடத் தொடங்கும்படி பிரஷர் சுவிட்ச் வைத்திருக்கிறது என்று கொள்வோம். 12இலிருந்து 10 பாருக்கு இறங்க ஒன்றேகால் நிமிடம். அதன் பிறகு பம்ப் ஓடியும் நிமிடத்துக்கு இரண்டரை கன அடி குறைவு. 7 பாருக்கு வர ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். ஆகப் பத்து நிமிட வேலை. பிறகு கருவியை வைத்துவிட்டு நான்கு நிமிடம் காத்திருந்தால்தான் டேங்க் நிரம்பும். வாடிக்கையாளருக்கு நேரம் வீணாவது ஒரு புறம். மெஷின் ஏறக்குறைய ஓய்வில்லாமல் ஓடுவது மறு புறம். பிஸ்டன் கம்ப்ரசர் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு, மிஞ்சினால் முக்கால் பங்கு நேரம் ஓடி, மீதி நேரம் ஆற வேண்டும். ஆறாவிட்டால் வால்வு கருகும், ஆயில் காற்றோடு போகும், ரிங் தேயும்.

அதே இடத்தில் 16 கன அடி தரும் 5 ஹெச்.பி. மெஷின் இருந்தால், சாண்டர் இடைவிடாமல் ஓடினாலும் பம்ப் முக்கால் பங்கு நேரம் ஓடிக் கால் பங்கு நேரம் நிற்கும். 12உடன் 30 சதவீதம் சேர்த்தால் 15.6 என்று வருவது இதனால்தான். ஆக, 3 ஹெச்.பி. பம்பை 500 லிட்டர் டேங்கில் ஏற்றித் தருவதைவிட, 5 ஹெச்.பி. பம்பை 220 லிட்டரில் தருவதே சாண்டர் பிடிப்பவருக்கு உதவும். மாறாக, நாளுக்குப் பத்து டயர் கழற்றி மாட்டுபவருக்கு, விட்டு விட்டு வேலை நடப்பதால், சிறிய பம்பும் பெரிய டேங்கும் சரியான சோடி.

ஒற்றை நிலையா, இரட்டை நிலையா?

காற்றை அழுத்தினால் சூடேறும். 30 டிகிரிக் காற்றை ஒரே மூச்சில் 8 பாருக்கு அழுத்தினால், வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால், கணக்குப்படி 250 டிகிரியைத் தாண்டிவிடும். சிலிண்டரின் துடுப்புகள் ஓரளவு ஆற்றும் என்றாலும் சூடு மிகுதிதான். அதையே இரண்டு படியாக அழுத்தி, நடுவில் ஒரு குழாயில் ஆறவிட்டால், 12 பார் வரை போனாலும் ஒவ்வொரு படியிலும் சுமார் 160 டிகிரியோடு நிற்கும். மின்சாரமும் மிச்சம், வால்வும் நீடிக்கும். ஆகவே 3 ஹெச்.பி.க்கு மேல், தினமும் பல மணி நேரம் ஓட்டுபவருக்கு இரட்டை நிலை, பெல்ட் ஓட்டம், வார்ப்பிரும்புச் சிலிண்டர் உள்ள மெஷினே ஏற்றது. மோட்டாரோடு நேரடியாக இணைத்த, அதிவேகத்தில் சுற்றும் சிறிய மெஷின்கள் விலை குறைவு, எடை குறைவு. எப்போதாவது பயன்படுத்துபவருக்கு அவை போதும்.

ஸ்குரூ கம்ப்ரசர் என்பது வேறு ரகம். நாள் முழுதும் இடைவிடாமல் ஓடும்; சத்தமும் குறைவு. ஆனால் விலை பல மடங்கு. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் வீட்டுப் பட்டறைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது போலாகும்.

கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதில், வால்வுத் தட்டும் ரிங்கும் கேஸ்கட்டும் உள்ளூரில் உடனே கிடைக்குமா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். நம் மாநிலத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. பம்புசெட்டுக்குப் பெயர் பெற்ற கோவை, கம்ப்ரசருக்கும் பெயர் பெற்ற ஊர். 1960ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்ட எல்ஜி எக்விப்மெண்ட்ஸ் இன்று பல நாடுகளுக்குக் கம்ப்ரசர் அனுப்புகிறது. அங்குள்ள சிறு தயாரிப்பாளர்களின் மெஷின்களும் சந்தையில் உள்ளன. எங்கே செய்தது என்பதைவிட, பழுதானால் எத்தனை நாளில் சாமான் வரும் என்பதையே வாடிக்கையாளருக்கு நாம் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

மின் இணைப்பைக் கேட்காமல் விற்காதீர்கள்

வீடுகளில் பெரும்பாலும் சிங்கிள் பேஸ் இணைப்பே இருக்கும். சிங்கிள் பேஸில் 3 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போதே 15 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். புறப்படும்போது அதைப்போல் பல மடங்கு எடுக்கும். மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் டேங்கில் பாதி அழுத்தம் இருக்கையில் மோட்டார் எழும்ப முடியாமல் முனகும். சில நாளில் வைண்டிங் கருகும். ஆகவே நடைமுறையில் 3 ஹெச்.பி.யே சிங்கிள் பேஸின் எல்லை என்று கொள்வது நல்லது. 5 ஹெச்.பி. வேண்டுமானால் த்ரீ பேஸ் இணைப்பு அவசியம். அப்போது ஒவ்வொரு பேஸிலும் 7 முதல் 8 ஆம்பியர்தான் ஓடும்.

இணைப்பு எந்தக் கட்டண வகையைச் சேர்ந்தது என்பதும் முக்கியம். வீட்டு உபயோகத்துக்கான இணைப்பிலிருந்து தொழிலுக்கு மின்சாரம் எடுப்பது விதிமீறல். மின்வாரியத்தார் வந்து பார்த்தால் அபராதம் கட்ட நேரிடும். சிறு பட்டறைகளுக்கென்று தனிக் கட்டண வகை உள்ளது. மெஷின் வீடு வந்து சேர்ந்த பிறகு இணைப்புக்கு விண்ணப்பித்தால், அது கிடைக்கும் வரை மெஷின் தார்ப்பாயின் கீழ்தான் கிடக்கும். கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்து, அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு என்று தெரிந்த பிறகு முன்பணம் வாங்கினால் இருவருக்கும் நிம்மதி.

ஓட்டும் செலவையும் சொல்லிவிட வேண்டும். 5 ஹெச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 4.4 யூனிட் எடுக்கும். நாளுக்கு நான்கு மணி நேர வேலையில் முக்கால் பங்கு நேரம் ஓடினால் 13 யூனிட். மின்சாரத்தில் ஓடும் கருவியால் செய்யக்கூடிய வேலையைக் காற்றில் செய்வது எப்போதும் கூடுதல் செலவுதான். எனவே சாண்டருக்காக மட்டும் பெரிய கம்ப்ரசர் கேட்பவரிடம், மின்சாரச் சாண்டரும் 3 ஹெச்.பி. கம்ப்ரசரும் சேர்த்து வாங்கினால் போதுமே என்று எடுத்துச் சொல்லலாம். அதுவும் நம் கடையில் விற்கும் சரக்குதானே!

கசிவும் பணம்தான். 7 பார் அழுத்தத்தில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை வழியே நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை கன அடி காற்றுப் போகும். 3 ஹெச்.பி. மெஷின் தருவதில் கால் பங்கு அது. சோப்பு நீர் தடவிப் பார்த்தால் இணைப்புகளில் உள்ள கசிவு குமிழியாகத் தெரியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"பெயிண்டில் தண்ணீர் தெறிக்கிறது" என்பது கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கும் புகார். 30 டிகிரி வெயிலில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் நீர் ஆவியாக இருக்கிறது. 10 கன அடி மெஷின் ஒரு மணி நேரத்தில் 17 கன மீட்டர் காற்றை இழுக்கிறது; அதாவது ஏறத்தாழ 390 கிராம் நீர். 8 பாருக்கு அழுத்தி டேங்கில் 40 டிகிரிக்கு ஆறும்போது, அதில் நூறு கிராமுக்குக் குறைவாகவே ஆவியாகத் தங்கும். மீதி கால் லிட்டருக்கு மேல் தண்ணீராகி அடியில் நிற்கும். நான்கு மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டருக்கு மேல்.

இதற்கு வழி: ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அடி வால்வைத் திறந்து தண்ணீரை விட வேண்டும். டேங்குக்கும் கன்னுக்கும் இடையே நீளமான இரும்புக் குழாய் போட்டுக் காற்றை ஆறவிட வேண்டும். கன்னுக்கு அருகில் நீர் பிரிக்கும் ஃபில்டர் வைக்க வேண்டும். கிளைக் குழாயை மெயின் குழாயின் மேற்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அடியிலிருந்து எடுத்தால் தண்ணீர்தான் முதலில் வரும். காற்றுக் குழாய்க்குப் பி.வி.சி. பைப்பைக் கேட்டால் கொடுக்கவே கூடாது. தண்ணீருக்கு நல்லதான அது, காற்றழுத்தத்தில் உடைந்தால் சில்லுச் சில்லாகப் பாயும்.

டேங்க்: இதில் மட்டும் சமரசம் இல்லை

220 லிட்டர் டேங்கில் 12 பார் அழுத்தத்தில் அடைபட்டுள்ள ஆற்றல், ஒரு டன் எடையுள்ள காரைப் பத்து மாடி உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. டேங்க் கிழிந்தால் அந்த ஆற்றல் முழுவதும் கண் இமைக்கும் நேரத்தில் வெளிப்படும். பட்டறையில் அது ஆபத்து. வீட்டில், குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில், அதைவிடப் பெரிய ஆபத்து. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அழுத்தத்தில் இயங்கும் சாதனங்களுக்கென்று 31ஆம் பிரிவு எழுதப்பட்டது இதனால்தான். வீட்டின் பின்கட்டுக்குப் பெரும்பாலும் ஆய்வாளர் வருவதில்லை. அங்கே எச்சரிக்கை சொல்லக் கூடிய ஒரே ஆள் விற்பனை செய்யும் வணிகர்.

டேங்க் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட, தண்ணீர் தேங்கும் அடிப்பகுதியில் உள்ளிருந்து துருப்பிடிப்பதே அதிகம். மேலே புதுப் பெயிண்ட் பளபளக்கும். உள்ளே தகடு அரித்திருக்கும். ஆகவே பழைய டேங்கை வாங்கி விற்பவர்கள், தண்ணீர் நிரப்பி வேலை அழுத்தத்துக்கு மேல் ஏற்றிச் சோதிக்கும் நீரழுத்தச் சோதனை செய்யாமல் விற்கக் கூடாது. காற்றைக் கொண்டு அந்தச் சோதனையைச் செய்வது உயிரோடு விளையாடுவது. டேங்கில் ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைத்து அடைக்கும் பழக்கமும் நிற்க வேண்டும்; ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றித் தகடு மெலிந்திருக்கும்.

புது மெஷினிலும், டேங்கில் தகட்டுப் பலகை பொறித்திருக்கிறதா, அதில் வரிசை எண், கொள்ளளவு, வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், தயாரித்த ஆண்டு உள்ளனவா என்று பாருங்கள். பாதுகாப்பு வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். அதிலிருந்து காற்றுச் சீறுகிறது என்று யாராவது அதை அடைத்துவைத்தால், அது டேங்கை வெடிகுண்டாக்குவதற்குச் சமம். பெல்ட்டுக்குக் கம்பி வலை மூடி கட்டாயம். விளையாட்டாக ஒருவர் மேல் ஒருவர் காற்றடித்து உயிர் போன செய்திகள் நம் நாட்டுப் பத்திரிகைகளில் வந்துள்ளன. குழாய் முனையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்வதும் நம் கடமையே.

இடமும் அக்கம்பக்கமும்

பெரிய பிஸ்டன் மெஷின் அருகில் நின்று சாதாரணக் குரலில் பேச முடியாது. சுவரோடு ஒட்டிய வீடுகளில் இதனாலேயே சண்டை வந்து தொழில் நின்றுபோவதுண்டு. தனி மூலையில், கூரை நிழலில், நான்கு புறமும் காற்றோட்டத்தோடு, ரப்பர் மெத்தை மேல் வைக்கச் சொல்லலாம். சத்தத்துக்குப் பயந்து பெட்டி போல் அடைத்தால் மெஷின் வெந்துவிடும். பெயிண்ட் அடிக்கும் அறைக்குள்ளே வைப்பதும் தவறு. திரவப் புகையும் தூசியும் உள்ளே போகும். பிரஷர் சுவிட்சில் எழும் பொறி தீக்கும் வழிவகுக்கும்.

கல்லாவில் வைத்துக்கொள்ள ஏழு கேள்விகள்

1. என்ன வேலை? எந்தக் கருவி அதிக நேரம் ஓடும்?
2. அந்தக் கருவியின் தாளில் எத்தனை கன அடி, எந்த அழுத்தம் என்று இருக்கிறது?
3. ஒருவர் வேலை செய்வாரா, இருவரா? நாளுக்கு எத்தனை மணி நேரம்?
4. சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? தொழில் இணைப்பா, வீட்டு இணைப்பா?
5. மெஷின் வைக்கும் இடம் எது? பக்கத்து வீடு எவ்வளவு தூரம்?
6. பெயிண்ட் வேலை உண்டா? உண்டென்றால் ஃபில்டரும் குழாயும் விலையில் சேர்த்தாயிற்றா?
7. ஓராண்டில் வேலை கூடுமா? கூடினால் அந்த அளவுக்கு இப்போதே மின் இணைப்பு கிடைக்குமா?

இந்த ஏழையும் கேட்டு எழுதிக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும். பில்லில் மாடல், மோட்டார் எண், டேங்க் எண், எஃப்.ஏ.டி. அளவு ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் பிற்பாடு வாக்குவாதம் வராது. அடி வால்வைத் திறப்பது, கம்ப்ரசருக்குரிய ஆயிலை மட்டும் ஊற்றுவது, ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது ஆகிய மூன்றையும் ஒரு தமிழ்த் தாளில் அச்சிட்டு மெஷினோடு கொடுத்தால், செலவு சில ரூபாய். கிடைக்கும் நன்மதிப்பு ஆண்டுக் கணக்கில் நிற்கும்.

இன்று இணையத்தில் நம்மைவிடக் குறைந்த விலைக்கு கம்ப்ரசர் வீட்டு வாசலுக்கே வருகிறது. விலையில் அதோடு போட்டி போடுவது எல்லா உறுப்பினர்களாலும் இயலாது. ஆனால் அங்கே படமும் ஹெச்.பி.யும் விலையும்தான் தெரியும், "உங்கள் வீட்டில் த்ரீ பேஸ் இருக்கிறதா?" என்று கேட்க ஆள் கிடையாது. சில சமயம் அந்தக் கேள்வியின் விடை, "உங்களுக்கு இவ்வளவு பெரிய மெஷின் வேண்டாம்" என்பதாகவும் இருக்கும். அதைச் சொல்லிச் சிறிய மெஷினை விற்றால், அன்றைய பில் தொகை குறையலாம். ஆனால் அந்த வாடிக்கையாளரின் தொழில் பிழைக்கும். பிழைத்த தொழிலுக்கு நாளும் பெயிண்ட் வேண்டும், உப்புத்தாள் வேண்டும், நாசில் வேண்டும், அடுத்த மெஷினும் வேண்டும். அவற்றை வாங்க அவர் வேறு கடை தேடிப் போகமாட்டார்.